மூன்றாம் வார்டின் நாற்பதடிச் சாலை

தேர்தல் வந்துவிட்டால் மூன்றாம் வார்டுக்காரர்களுக்கு வாய் நீண்டுவிடும். மற்ற நாட்களில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் "நமக்கென்ன வந்தது" என்று போர்த்திக்கொண்டு படுக்கிற ஆட்கள்தான். நகரசபைத் தேர்தல் என்றதும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நகரத்தைக் கட்டுவார்கள், பிடிக்காவிட்டால் இடித்தும் விடுவார்கள். இந்த முறை அவர்கள் கட்டியதும் இடித்ததும் ஒரே ஒரு சாலையைத்தான்.

அந்தச் சாலை இன்னும் போடப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருஷமாக அது நகரசபை வரைபடத்தில் விட்டுவிட்டுப் போகிற ஒரு கோடு, அவ்வளவுதான். உத்தேச சாலை, அகலம் நாற்பதடி. கோடு போகிற வழியில் முப்பத்திரண்டு வீடுகள். உத்தேசம் என்கிற வார்த்தை ஒரு வீட்டின் மேல் விழுந்துவிட்டால் அந்த வீட்டுக்கு மாடி கட்ட அனுமதி கிடையாது, பின்னால் ஓர் அறை இழுக்க அனுமதி கிடையாது, கழிவறைக் கூரையை மாற்றுவதற்கே மூன்று தடவை அலைய வேண்டும். இடிக்கவும் மாட்டார்கள், கட்டவும் விடமாட்டார்கள். பெண்ணைக் கல்யாணமும் பண்ணிக்கொடுக்காமல் வேலைக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிற அப்பனைப் போல நகரசபை அந்தத் தெருவை வைத்திருந்தது.

அதனால் ஊர் முழுக்க நாலு மாடி, ஆறு மாடி என்று எழும்பியபோது அந்தத் தெரு மட்டும் குள்ளமாகவே நின்றது. அதே ஓட்டுக்கூரை, அதே பச்சை இரும்புக் கேட், சாயங்காலம் ஆனால் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையில்லாமல் விழுகிற அதே மஞ்சள் வெயில். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "அடடா, அந்தக் காலத்துத் தெரு அப்படியே இருக்கே" என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் அங்கே படுத்துத் தூங்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனால் ஒதுங்க அறை இல்லாமல் வீட்டுக்கு வீடு ஒருவராவது கிளம்பிப் போயிருந்தார்கள்.

போட்டி இருவருக்கு நடுவில். பல் டாக்டர் நாற்பதடிச் சாலையைப் போட்டே தீருவேன் என்றார். சாலைக்கு இரண்டு பக்கமும் நாலு மாடிக் குடியிருப்பு, வீட்டைக் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வீடு, வாசலில் பஸ். நல்ல பெண்மணி, வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர் என்பதால் மற்றவர்களைப் பேசவும் விடுவார். எதிரே நின்றவர் பேக்கரிக்காரர். அவர் உத்தேச சாலையை வரைபடத்திலிருந்தே அழிப்பேன் என்றார். எப்படி அழிப்பீர்கள் என்று கேட்டால் மட்டும் "மனசு இருந்தா வழி இருக்கு" என்பார். அந்த வழிக்கு அவரிடம் வரைபடம் கிடையாது.

இருபதாம் எண் வீட்டில் இருக்கிறவளுக்குத் தெருவில் கோட்டம்மா என்று பெயர். நகரசபை வரைபடக் கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் கோடு போட்டவள். கோடு போடுகிற அம்மா என்று சொல்ல நேரமில்லாமல் யாரோ சுருக்கியது அப்படியே நின்றுவிட்டது. கணவர் அதே கூடத்தில் தலைமை வரைவாளராக இருந்தவர், போய் நாலு வருஷம் ஆகிறது. பொய்யே பேசாத மனிதர் என்று ஊரில் பெயர். ஒரே மகன் லிஃப்ட் மெக்கானிக், ஊரின் மறுகோடியில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பு, அவன் இருபதாம் எண்ணுக்கு மேலே ஒரு மாடி கட்ட மனுப் போட்டான். மனு அப்பாவின் மேசைக்கே வந்தது. அவர் படித்தார், "உத்தேச சாலையில் வருவதால் நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெற்ற பிள்ளைக்கே வளைந்து கொடுக்காதவர் என்று ஊர் மெச்சியது. மகன் மெச்சவில்லை, அந்த மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு வியாழக்கிழமை காலை பல் டாக்டரின் நோட்டீஸ் கதவிடுக்கில் கிடந்தது. பெரிய தாள், ஒரு பக்கம் முழுக்க வார்டின் வரைபடம். நகரசபைத் தாளை அப்படியே சிறிதாக்கி, சாலையை மட்டும் சிவப்பில் அச்சடித்து, நடுவில் ஒரு மடிப்பு மடித்துப் போட்டிருந்தார்கள். கோட்டம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் விரித்தாள். சிவப்புக் கோட்டைத் தேடினாள். கோடு மடிப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. தாளை இழுத்து நீவிப் பார்த்தாள். மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை, மடிப்பு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் சாலையும் போனது. நீர்த்தொட்டியின் மேல் ஏறி இறங்கியது. பள்ளிக்கூடத்தின் சமையலறையைக் குறுக்கே வெட்டியது.

எந்தப் பொறியாளன் தாளின் நட்டநடுவில் அளந்துவைத்த மாதிரி ஒரு சாலை போடுவான் என்று கோட்டம்மா யோசித்தாள். அந்தத் தாள் தன் மேசைக்கு வந்த வாரம் அவளுக்கு நினைவு வந்தது.

வரைபடக் கூடம் அப்போது நகரசபைக் கட்டடத்தின் வடக்குப் பக்கம் இருந்தது. வடக்கு வெளிச்சம்தான் கண்ணுக்கு நல்லது என்று வேண்டுமென்றே அங்கே வைத்திருந்தார்கள். சாய்வான எட்டு மேசைகள், உயரமான முக்காலிகள், மூலைக்கு மூலை மைப்புட்டி. மூலத்தாளைக் கீழே பரப்பி, அதன் மேல் அடியில் இருப்பது தெரிகிற கண்ணாடித்தாளை ஊசியால் குத்தி, மை பிடிக்கச் சாக்பீஸ் பொடியைத் தூவித் துணியால் தேய்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். தப்பு வந்தால் ரப்பர் கிடையாது, பிளேடால் சுரண்ட வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துச் சுரண்டும்போது எட்டு மேசையும் அமைதியாகிவிடும். பக்கத்து அறையில் பிரதி எடுக்கிற இயந்திரத்தின் அமோனியா நெடி. அந்த நெடிக்கு நடுவில்தான் அவளும் கணவரும் முதலில் பார்த்துக்கொண்டதும், எட்டு மாதம் ஒன்றும் பேசாமல் ஒருவர் பேனாவை ஒருவர் கழுவி வைத்ததும், கடைசியில் அவர் "எனக்கு உன் கோடு பிடிச்சிருக்கு" என்று சொன்னதும். காதலைச் சொல்ல மனிதனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த அமோனியா நெடி மூக்கில் ஏறி, கண் கரிக்கும்.

மூன்றாம் வார்டுத் தாள் அவள் மேசைக்கு வந்தபோது மகனுக்கு மூன்று மாதம். பிள்ளை ராத்திரியில் தூங்கவிடவில்லை, அவள் பகலில் மேசையில் சாய்ந்து சாய்ந்து எழுந்தாள். தற்காலிக வேலை வேறு. ஏற்கெனவே இரண்டு தாளில் தப்பு வந்து, இன்னொரு தப்பு என்றால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அதனால் அந்த வாரம் அவள் வரைந்த தாள்களில் எல்லாம் "வரைந்தவர்" என்ற கட்டத்தில் கணவர் தன் கையெழுத்தைப் போட்டார். தப்பு வந்தால் என் தலையில் விடியட்டும், எனக்கு நிரந்தர வேலை, திட்டுவதோடு விடுவார்கள் என்றார். அந்தக் கூடத்தில் ஒருவருக்கொருவர் இப்படிக் கை கொடுப்பது புதிதும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் நகரசபை ஆவண அறைக்குப் போனாள். ஆவணக்காப்பாளர் அவளுக்குக் கீழே வேலை பழகியவர். பழைய மூலத்தாளைக் கேட்டதும் காரணம் கேட்காமல் எடுத்து வந்தார்.

"பார்த்து எடுங்கம்மா. நாலா மடிச்சு எங்கேயோ சொருகி வச்சிருந்த தாள். மடிப்பெல்லாம் வெடிச்சுப் போயிருக்கு."

வெடித்துத்தான் போயிருந்தது. குறுக்கு மடிப்புக்குப் பின்னால் யாரோ துணி ஒட்டியிருந்தார்கள். நெடுக்கு மடிப்பில் தாள் விட்டுவிட்டுப் பிளந்து, அழுக்கு ஏறி, ஒரு விரற்கடை கறுப்பு, ஒரு விரற்கடை வெள்ளை என்று ஒழுங்காக இறங்கியது. மேலே கண்ணாடித்தாளைப் பரப்பினால், தூங்காத கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விட்டுவிட்டுப் போகிற கோடு என்றால் உத்தேச சாலை. மூலத்தாளில் சாலையே இல்லை. அவள் வரைந்த பிறகு, சாலைப் பட்டியல் எழுதியவர், அகலம் போடாத சாலையாக இருக்கிறதே என்று வழக்கமான நாற்பதடியை எழுதியிருக்கிறார். பட்டியலைப் பார்த்து விதி வந்தது, விதியைப் பார்த்து நிராகரிப்பு வந்தது. ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாள் எழுதுகிற அலுவலகத்தில் யார் போய்த் தெருவைப் பார்க்கிறார்கள்.

"என்னம்மா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு," என்றார் ஆவணக்காப்பாளர். "தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்," என்றாள். ஆனால் குடிக்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. சொல்லாமல் விட்டு, பல் டாக்டர் ஜெயித்தால் தெரு போகும், கணவரோடு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்த வீடும் போகும். பேக்கரிக்காரர் ஜெயித்தால் கோடு அப்படியே கிடக்கும், இன்னும் முப்பது வருஷத்துக்கு யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது. சொன்னாலோ, தாளில் இருப்பது அவர் கையெழுத்து. செத்தவரால் எழுந்து வந்து விளக்கம் சொல்ல முடியாது. ஒரு மடிப்பைச் சாலை என்று வரைந்த மடையன் என்று அவர் பெயர் ஊர் வாயில் அரைபடும். தன் பிழை என்று தானே எழுந்து சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி என்று விடிவதற்குள் முடிவு செய்தாள். அவமானம் வரட்டும், அது தனக்கு வர வேண்டியது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு வேட்பாளருக்கும் பொதுவாக ஒரு கூட்டம். கோட்டம்மா மகனைக் கூப்பிட்டுக் கூட வரச்சொன்னாள். ஆவணக்காப்பாளர் மூலத்தாளையும் அதைப் பார்த்து வரைந்த நகரசபைப் பிரதியையும் உருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். இன்னும் ஆறு வாரத்தில் ஓய்வு பெறப்போகிற மனிதர், இனி யாருக்குப் பயம்.

பல் டாக்டர் பேசி முடித்தார், பேக்கரிக்காரர் பேசி முடித்தார். யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். கோட்டம்மா எழுந்து முன்னால் போனாள். மூலத்தாளை மேசையில் விரித்து நாலு மூலையிலும் தண்ணீர் டம்ளரை வைத்தாள்.

"கேள்வி இல்ல, பதில்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுற சாலையை யாரும் திட்டம் போடல. இது மூலத்தாள். இதுல சாலை எங்க இருக்குன்னு காட்டுங்க."

பல் டாக்டர்தான் முதலில் குனிந்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்து, செல்போன் விளக்கை அடித்து, விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இது விரிசல்தானே," என்றார்.

"விரிசல்தான். மடிச்ச இடத்துல வெடிச்சது. அதைக் கோடுன்னு நெனச்சு வரைஞ்சாச்சு."

முதலில் முன்வரிசை கழுத்தை நீட்டியது. அப்புறம் ஆளாளுக்கு எழுந்து வந்து தாளைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். எதை, எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. பல் டாக்டர் நிமிர்ந்து, தன் நோட்டீஸை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இல்லாத சாலைக்காக யார் வீட்டையும் கேட்க மாட்டேன், யார் ஜெயித்தாலும் முதல் கூட்டத்தில் இந்தக் கோட்டை எடுத்துவிட வேண்டும் என்று இருவரும் இங்கேயே எழுதிக் கொடுப்போம் என்றார். எழுதியும் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணிக்கு ஓட்டுக் குறைந்தாலும் கூடினாலும், மனுஷி மனுஷிதான்.

அப்போதுதான் பதினெட்டாம் எண் தையல்காரர் கேட்டார். இரண்டு மகள்களுக்காக மாடி கட்ட நாலு தடவை மனுப் போட்டவர்.

"வரைஞ்சது யாரு?"

ஆவணக்காப்பாளர் நகரசபைப் பிரதியைப் பார்த்தார், கோட்டம்மாவைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். வரைந்தவர் என்ற கட்டத்தில் இருந்த பெயரைப் படித்தார். தலைமை வரைவாளரின் பெயர். பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"கையெழுத்து அவரோடது," என்றாள் கோட்டம்மா. "வரைஞ்சது நான். கைக்குழந்தையோட தூக்கமில்லாம இருந்தேன். என் வேலை போயிடக்கூடாதுன்னு அவர் கையெழுத்துப் போட்டார். தப்பு முழுக்க என்னோடது."

தையல்காரரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார், இரண்டு பேர் தட்டினார்கள், மண்டபமே தட்டியது. செத்த பிறகும் புருஷன் பேரை விட்டுக்கொடுக்காத மகராசி என்று முன்வரிசையில் ஒருத்தி சொல்வது கோட்டம்மா காதிலேயே விழுந்தது.

"ஐயோ, நான் நெசமாத்தான் சொல்றேன்," என்றாள். "கோட்டைப் பாருங்க. ஒவ்வொரு துண்டும் முடியிற இடத்துல லேசா மேல தூக்கும். அது என் கைவழக்கம். பேனா குடுங்க."

பேனா கொடுத்தார்கள். நோட்டீஸின் பின்பக்கத்தில் வரைந்தாள். அறுபத்தாறு வயதுக் கை. முதல் துண்டு நடுங்கியது, இரண்டாவது கீழே இறங்கியது, மூன்றாவது எங்கேயோ போனது. ஒன்றுகூட மேலே தூக்கவில்லை. ஒரு காலத்தில் அடிக்கோல் இல்லாமல் நேர்கோடு போட்டவள், பேனாவைப் பார்த்தபடி நின்றாள்.

"விடுங்கம்மா, எங்களுக்குப் புரியுது," என்றார் பேக்கரிக்காரர் மிகவும் மரியாதையாக.

வெளியே வரும்போது தையல்காரர் படியில் நின்றிருந்தார். "ஐயாவா இருந்தா என்ன, நீங்களா இருந்தா என்னக்கா," என்றார். "இனிமே அனுமதி குடுத்தாலும் மாடி ஏற எனக்கு முட்டி கிடையாது. பொண்ணுங்களும் வரப்போறதில்ல." கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மகனும் அவளும் நடந்தார்கள். தெரு பன்னிரண்டு மணி வெயிலில் ஆளில்லாமல் கிடந்தது. இந்தத் தெருவில்தான் அவன் சைக்கிள் பழகினான், வீட்டுக் கேட்டில் முட்டிப் பல்லை உடைத்துக்கொண்டான். உடைந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அழ, அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது அவளுக்கு நேற்றுப் போல இருந்தது. அவர்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்கள். அந்த நாட்களைத் தன் கையாலேயே வெட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஊர் நம்பலேன்னா போகட்டும்," என்றாள். "நீயாவது நம்புடா. உன்னை வீட்டை விட்டு அனுப்புனது அப்பா இல்ல. நான்."

மகன் நடையைக் குறைத்தான்.

"அம்மா, நீ இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். அப்பா எனக்குச் சொல்லிட்டார்."

"என்ன சொன்னார்?"

"ஆஸ்பத்திரியில, கடைசி வாரம். நான் மாடிக்கு மனுப் போட்டப்ப, ஏதாவது வழி இருக்கான்னு பழைய தாளை எடுத்துப் பார்த்தாராம். பார்த்ததும் அது வெறும் மடிப்புன்னு தெரிஞ்சுபோச்சாம். 'நீ அப்ப கைக்குழந்தை, ராத்திரி எல்லாம் தூங்கவிடல, தூக்கக் கலக்கத்துல நான் போட்ட கோடுடா அது'ன்னார். மன்னிச்சிடுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். 'உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாதே, அவ தாங்கமாட்டா'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். எனக்கு அப்பவே கோபம் போயிடுச்சும்மா."

கோட்டம்மா பக்கத்து வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தூக்கக் கலக்கத்தைக்கூட அவர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தே மகனின் மனுவில் நிராகரிப்பு எழுதியிருக்கிறார், தெரிந்தே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார், தெரிந்தே தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக முப்பத்திரண்டு வீட்டையும் கட்டிப்போட்டிருக்கிறார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடிப்போய் அந்தக் கோட்டைச் சுரண்டியிருப்பாளே. அவர் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது. அவரை உடனே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

"அவர் சொன்னது பொய்டா," என்றாள். "அது நான் போட்ட கோடு."

"சரிம்மா."

"சரிங்கிறே, நம்பமாட்டேங்கிறே."

"அப்பா ஆயுசுல பொய் சொன்னதில்லைன்னு நீதானே சொல்லிச் சொல்லி வளர்த்தே," என்றான் மகன், ரொம்ப மெதுவாக. "சாகக் கிடக்கும்போதா சொல்லுவார்?"

"சொல்லியிருக்காருடா," என்றாள் கோட்டம்மா. "எனக்காகச் சொல்லியிருக்கார்."

மகன் அவள் தோளை அணைத்துக்கொண்டான். அவன் நம்பவில்லை என்பது, அவன் அணைத்துக்கொண்ட விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.